துண்டுல யாரு கடன்?

ஒரு வைகாசி மாசத்துச் சாயந்தரம். மழை அப்பத்தான் விட்டிருந்துச்சு. இஸ்தோப்புல குந்திக்கிட்டு, சீனியை உள்ளங்கையில வச்சு நக்கி நக்கிச் சாயத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தேன். மக வயித்துப் பேரன் போனைத் தூக்கிக்கிட்டு வந்தான். ஏ.எல். எழுதிட்டு ஆறு மாசமா வேலை தேடுற பய. மூஞ்சி பூரா தீவாளி.

"தாத்தா, வேலை கெடைச்சிருச்சு. ஒண்ணில்ல, மூணு!"

"அடேங்கப்பா! எழுபத்தெட்டு வயசு வரைக்கும் எனக்கு ஒழுங்கா ஒண்ணுதான்டா கெடைச்சுது. வாசி, கேப்போம்."

வாசிச்சான். மொதலாவது கொழும்புல துணிக்கடை: உடனடியா ஆள் தேவை, அனுபவம் தேவையில்ல, சாப்பாடு தங்குமிடம் இலவசம், கவர்ச்சிகரமான சம்பளம். ரெண்டாவது நுவரெலியாவுல ஹோட்டல்: வாங்க, நாம எல்லாம் ஒரே குடும்பம். மூணாவது தாய்லாந்து: கம்ப்யூட்டர் தெரிஞ்சாப் போதும், மாசம் நாலு லட்சம், டிக்கெட்டும் அவனே போடுவானாம், விசிட் விசாவுல ஏறணுமாம்.

"ரொம்ப நல்லாருக்கு. தேங்காய் வந்திருச்சு, மாசியை மட்டும் காணோமே?"

"என்னா மாசி தாத்தா?"

மாசிக் கருவாடுடா! அட, இவனுக்கு இது கூடத் தெரியல. பள்ளிக்கூடத்துல என்னத்தைத்தான் சொல்லிக் குடுக்குறாகளோ. நம்ம சனத்தை இந்த மலைக்கு இழுத்துக்கிட்டு வந்த மொத விளம்பரமே அதுதான். கண்டிச் சீமையில தேயிலைத் தூரைத் தோண்டுனா தேங்காயும் மாசியும் கெடைக்கும்! பேப்பர்ல போடல, போன்ல வரல. கங்காணி வாயால வந்துச்சு. அப்பிடிச் சொன்ன கங்காணிமாருல எங்க தாத்தாவும் ஒருத்தர். சில்லறைக் கங்காணி. துறையூர்ப் பக்கம் வயிறு காஞ்ச சனத்துக்கு முன்னால கோட்டும் தலைப்பாவுமாப் போயி நிப்பாராம். நம்பி வந்த சனத்தை மண்டபம் கேம்புல அடைச்சு, கழுத்துல நம்பர் போட்ட தகரத்தை மாட்டி, தலைமன்னாருக்குக் கப்பலேத்தி, இங்கன கொண்டாந்து விட்டாரு. தூரைத் தோண்டிப் பாத்தா அட்டைதான் இருந்துச்சு.

அதுனால வேலைக்குக் கூப்புடுறவன் எப்பிடிப் பொய் சொல்லுவான்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். அது எங்க குடும்பத் தொழிலு. எங்க தாத்தா எனக்குன்னு விட்டுட்டுப் போன சொத்து அது ஒண்ணுதான். அதைத்தான் பேரனுக்கு எழுதி வைக்கலாம்னு பாத்தேன். நீங்களும் கேட்டுக்கங்க, காசா பணமா.

மொதக் கடையை எடுத்தேன். "கவர்ச்சிகரமான சம்பளம்னா எவ்வளவுடா?"

"போனப்புறம் பேசலாம்னாங்க தாத்தா."

"எங்க தாத்தாவும் மாசி இருக்குன்னுதான் சொன்னாரு. எத்தனை ராத்தல்னு சொல்லல."

கவர்ச்சி எல்லாம் சினிமாவுல இருக்கட்டும் ராசா. சம்பளம்னா நம்பர் இருக்கணும். இந்த நாட்டுல 2025 ஏப்ரல்லேருந்து மாசம் 27,000, 2026 ஜனவரியிலேருந்து 30,000-க்குக் கொறைஞ்சு எந்த மொதலாளியும் அடிப்படைச் சம்பளம் குடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அவனோட கவர்ச்சி அதுக்கு மேலயா கீழயான்னு கேட்டுப் பாரு. வாயில வெத்தலை இல்லாமலே மெல்லுவான்.

நம்பரைச் சொல்லிட்டான்னு வையி. அப்பவும் துள்ளாத. தோட்டத்துல என்னா நடந்துச்சுன்னு ஒங்க அம்மாகிட்டக் கேளு. ஆயிரம் ரூவா கேட்டு வருசக்கணக்காக் கத்துனோம். 2021-ல ஆயிரம் வந்துச்சு. கூடவே பல தோட்டத்துல கிலோவும் ஏறுச்சு. நேத்து வரைக்கும் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, பறிச்ச கொழுந்து இன்னைக்கு அரைப் பேருக்குத்தான்னான். 2024-ல 1,350 ஆச்சு. அப்பவும் காலையில ஆளெடுக்கிற பெரட்டுக்களத்துல பேச்சு கிலோவைப் பத்தித்தான். கடையிலயும் அப்பிடித்தான்டா. டார்கெட்டும்பான், கமிஷன்ம்பான், காலையில எட்டுக்கு வந்துருன்னு மட்டும் சொல்லுவான், எப்பப் போகலாம்னு சொல்ல மாட்டான். அதுனால சம்பளம் எவ்வளவுன்னு பாதிக் கேள்வியோட நிறுத்தாத. அதுக்கு எத்தனை கிலோன்னு மீதியையும் கேளு.

"சரி, அந்தக் கடை வாசல்ல ஆள் தேவைன்னு போர்டு இருக்கா?"

"இருக்கு. படம் அனுப்பியிருக்காங்க."

பாத்தேன். தகரத்துல பெயின்ட் அடிச்ச போர்டு. வெயில்ல வெளுத்து, ஓரத்துல துருவும் ஏறியிருக்கு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "டேய், ஆள் வேணுங்கிறவன் பேப்பர்ல எழுதி ஒட்டுவான், ஆள் கெடைச்சதும் கிழிச்சிருவான். இவன் பெயின்ட் அடிச்சுத் தொங்கவிட்டிருக்கான். கடை தொறந்த நாள்லேருந்து அங்க ஒருத்தனும் தங்கலடா. கடைப் பேரை விட அந்தப் போர்டுக்குத்தான் வயசு கூட இருக்கும்."

பய லேசா யோசிக்க ஆரம்பிச்சான். ஆனா ஒண்ணு சொன்னான் பாருங்க, அங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அடையாள அட்டையும் குடுத்துரணுமாம். பத்திரமா வச்சிருப்பாங்களாம்.

பத்திரமா!

எனக்குப் பதினேழு வயசு. புறக்கோட்டையில ஒரு கடைக்குப் போனேன். பேரு வேணாம், மொதலாளியும் போய்ச் சேந்துட்டான். அப்ப நம்ம சனத்துக்கு ஒரு துண்டுக் காயிதம்னா உசுரு. 1948-ல சட்டம் போட்டு நம்மளை நாடில்லாதவுக ஆக்கிட்டாக. 1964-ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இத்தனை தலை இங்க இத்தனை தலை அங்கன்னு பங்கு பிரிச்சிக்கிட்டு இருந்த நேரம். எங்க அப்பாவோட பிரஜாவுரிமைக் காயிதமும் என் பொறப்புப் பத்திரமும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்துச்சு. மொதலாளி தடவிக் குடுத்தான். "கடையில எலி ஜாஸ்தி தம்பி, என் இரும்புப் பொட்டியில பத்திரமா இருக்கட்டும்"னான். நானும் எலியை நெனைச்சு நம்பிக் குடுத்தேன். மூணாம் மாசம் சம்பளம் நின்னுச்சு. போறேன்னா பொட்டிச் சாவி காணோம்ங்கிறான். எங்க அப்பாயி செத்துட்டான்னு அழுதேன், பஸ்ஸுக் காசு குடுத்தான், காயிதம் குடுக்கல. இப்பிடி அப்பாயியை மூணு தரம் சாகடிச்சேன். மூணாந்தரம் கூட்டாளி ரெண்டு பேரு ஒப்பாரியே வச்சாக, அப்பத்தான் சாவி கெடைச்சுது. அப்பாயி அதுக்கப்புறமும் பத்து வருசம் நல்லா இருந்தா. எலி நாலு காலோட மட்டும் இருக்காதுன்னு அந்தக் கடையில படிச்சேன்.

"காயிதத்தை வாங்கி வச்சுக்கிறது புதுசு இல்ல பேரா"ன்னேன். "அதுக்குத் துண்டுன்னு பேரு."

துண்டுன்னா தோள்ல போடுறது இல்ல. அந்தக் காலத்துல கப்பக் காசு, சோத்துக் காசு, போத்திக்கிற கம்பளிக் காசு, எல்லாம் வந்தவன் தலையில கடன். இந்தக் கங்காணிக்கும் அவன் கூட்டத்துக்கும் இவ்வளவு கடன்னு தொரை ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பான். எந்தத் தோட்டத்துத் தொரை அந்தக் கடனைக் கட்டுறானோ அவனுக்குத்தான் ஆளுக. மாடு கை மாறுற மாதிரி. கடன் பட்டவனுக்கு அதுல என்னா எழுதியிருக்குன்னு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிஞ்சவன் சொல்ல மாட்டான். 1921-ல சட்டம் போட்டுத் துண்டை ஒழிச்சாக. சீட்டு ஒழிஞ்சுது, புத்தி ஒழியல. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேக்குறவன், பாஸ்போட்டைப் புடுங்கி வைக்கிறவன், ரெண்டு வருசத்துக்குள்ள நின்னா ட்ரெய்னிங் காசைக் கட்டுன்னு கையெழுத்து வாங்குறவன், எல்லாரும் துண்டு எழுதுறவனுகதான்.

அப்பக் காயிதமே ஆகாதான்னு கேட்டான் பேரன். கேள்வி நல்ல கேள்வி. ஒண்ணே ஒண்ணுதான்டா பாக்கணும்: காயிதத்துல யாரு கடன் எழுதியிருக்கு? ஒன் கடன் எழுதியிருந்தா அது துண்டு, ஓடு. அவன் ஒனக்குத் தரவேண்டிய கடன் எழுதியிருந்தா அது நியமனக் கடிதம், நில்லு. இவ்வளவு சம்பளம் தருவேன், இந்தத் தேதிக்குத் தருவேன், இத்தனை மணித்தியாலம் வேலை, இத்தனை நாள் லீவு. அதெல்லாம் அவன் ஒனக்குப் பட்ட கடன். கடை, ஹோட்டல், ஆபீஸ் வேலைக்கு 1954-லேயே சட்டம் இருக்கு. நியமனக் கடிதம் எழுத்துல குடுக்கணும். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதுக்கு மேல வேலை வாங்குனா ஓவர்டைம். "நம்ம பயதானே, கடிதம் எதுக்கு?"ன்னு எவன் சொல்றானோ அவன் கடிதத்துக்குப் பயந்தவன்.

ரெண்டாவது வேலைக்கு வந்தோம். நாம எல்லாம் ஒரே குடும்பம்.

"இது நல்லாருக்கே தாத்தா?"

"நல்லாருக்கு. ஒங்க அம்மா ஒனக்குச் சோறு போடுறாளே, நீ எருமைக்குப் புல்லு அறுத்தா எவ்வளவு சம்பளம் தர்றா?"

"அம்மா எப்பிடி சம்பளம்..."

"அதத்தான் அவன் சொல்றான்."

குடும்பம்னு சொல்றவன் ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவச் சொல்லும்போது குடும்பம்பான். ஈ.பி.எஃப். கேட்டா நீ யாருடாம்பான். போன்ல கேட்டுப் பாத்தான் பேரன். மொத ஆறு மாசம் ப்ரொபேஷன், அதுக்கப்புறம்தான் ஈ.பி.எஃப்.னு பதில் வந்துச்சு. குடும்பத்துல ப்ரொபேஷன் வைக்கிறவனை இப்பத்தான் பாக்குறேன்! சட்டத்துல அப்பிடி ஒரு ஆறு மாசமும் கெடையாது. வேலைக்கு ஏறுன மொத நாள்லேருந்து ஒன் சம்பளத்துல 8 வீதம், மொதலாளி கையிலேருந்து 12 வீதம் ஈ.பி.எஃப்.க்குப் போகணும். அது போக அவனே 3 வீதம் ஈ.டி.எஃப்.க்குக் கட்டணும். பதினஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற எடத்துல அஞ்சு வருசம் இருந்துட்டா சேவைக்காலப் பணமும் உண்டு. நாலே முக்கால் வருசத்துல ஆளை மாத்துற எடம்னா ஏன்னு இப்ப ஒனக்கு வெளங்கியிருக்கும்.

மூணாவது வேலைக்குப் பய தானாவே கொரலைக் கொறைச்சுக்கிட்டான். "தாத்தா, இதுக்கு நான் காசே கட்ட வேணாம். நம்ம டவுன்ல இருக்கிற அண்ணன் எல்லாம் பாத்துக்கிறேன்னாரு. வீட்டுச் செலவுக்குன்னு அம்பதாயிரம் முன்பணமும் தர்றாராம்."

வேலைக்குக் காசு கேட்டாப் பொய்னு ஒனக்குத் தெரியும். அதுனால இப்ப அவனே காசு தர்றான். இதையும் எங்க தாத்தாகிட்டத்தான் படிச்சிருப்பான். அந்தக் காலத்துல பெரட்டுக்கு வந்து நிக்கிற ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்துலேருந்து கங்காணிக்குக் காசு குடுத்தாக. தலைக்காசு. காச்சல்ல கெடந்தவனை எங்க தாத்தா கம்பளியோட தூக்கியாந்து பெரட்டுல நிறுத்துனாருன்னா அக்கறையில இல்லடா, தலைக்காசுல. வீட்டு வேலைக்கு சவூதிக்கும் குவைத்துக்கும் போகச் சொல்லி நம்ம பொண்ணுக கையில லட்சக்கணக்குல முன்பணம் திணிச்சவனுகளைப் பாத்திருக்கோம்ல? தர்மத்துக்கா திணிச்சான்? அவன் அங்கன வாங்குறது அதைவிடக் கூட. முன்பணம்னு வந்துட்டாலே நீ ஆளு இல்ல, தலை.

2022 நவம்பர்ல ஓமானுக்கு விசிட் விசாவுல கொண்டுபோன பொண்ணுக கதை வெளிய வந்து நாடே நாறுச்சு. அதுக்கடுத்த ரெண்டு வருசத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பயலுக பாடு வந்துச்சு. தாய்லாந்துல வேலைன்னு கூட்டிக்கிட்டுப் போயி, எல்லை தாண்டி மியன்மாருல மியாவடிங்கிற எடத்துல அடைச்சு வச்சு, போன்ல ஊரை ஏமாத்துற வேலை வாங்குனானுக. மறுத்தவனுக்கு அடி. காசு குடுத்தாத்தான் வெளிய விடுவேன்னானாம். பாத்தியா, அங்கயும் துண்டு!

வெளிநாட்டுக்குப் போறதுன்னா 1985-ம் வருசச் சட்டத்துல உண்டான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கு. 1989-க்குப் போன் போடு. இந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கா, இந்த வேலைக்கு அனுமதி இருக்கான்னு கேளு. டவுன்ல இருக்கிற அண்ணன் சப் ஏஜென்டுன்னா அவருக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கும். விசிட் விசாங்கிறது சுத்திப் பாக்குறதுக்கு. வேலைக்குக் கூப்புடுறவன் சுத்திப் பாக்க விசா எடுத்தா, அவன் ஒன்னையத்தான் சுத்துறான்.

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரல. 2021 ஜூலையில நம்ம டயகமப் புள்ளை ஒண்ணு. தரகர் மூலமாக் கொழும்புல ஒரு முன்னாள் அமைச்சர் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்துச்சு. 16 வயசு. தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில செத்து, பொட்டியில வந்துச்சு. அந்தப் புள்ளை சின்ன வயசுல பெரட்டுக்களத்து ஓரமா ஓடித் திரிஞ்ச மாதிரிப் புள்ளைகதானே நம்ம வீட்டுலயும் ஓடுது. விசாரிக்காம, பாத்துட்டு வராம, எந்த வீட்டுக்குள்ளயும் ஒரு புள்ளையை விடக்கூடாதுன்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் ஒறைச்சுது.

ஆளு போக வர முடியாத எடம் வேலை எடம் இல்லடா. இந்த மலையில நூறு வருசத்துக்கு முந்தி அப்பிடித்தான் இருந்துச்சு. தோட்டத்துக்குள்ள வெளியாள் கால் வைக்கக்கூடாது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேசத்துலதான் உள்ள நொழைஞ்சு நம்ம சனத்தோட நெலைமையைப் பாத்தாருன்னு பெரியவுக சொல்லுவாக. அவருதான் அப்புறம் 1931-ல ஹட்டன்ல தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டுனாரு. போனைப் புடுங்கி வைக்கிற எடம், வீட்டு ஆளு பாக்க வந்தா வாசல்லயே நிறுத்துற எடம், அங்க போகணும்னா நீயும் புடவை மூட்டையோடதான் போகணும்.

பேரன் போனை மடியில கவுத்து வச்சான். "அப்ப ஒரு வேலைக்கும் போக வேணாமா தாத்தா? பயங்காட்டிக்கிட்டே இருந்தா எப்பிடி?"

நியாயம்தான். வயிறு இருக்கே. எல்லா மொதலாளியும் எலின்னு நான் சொல்ல வரல. சேர்றதுக்கு முன்னால மூணு வேலை பண்ணுன்னு சொல்லிக் குடுத்தேன். கடைக்கு எதித்தாப்புல இருக்கிற தேத்தண்ணிக் கடையில பகல் ஒரு மணிக்குக் குந்து. வேலையாளுக சாப்பிட வெளிய வர்றாகளா, எத்தனை நிமிசத்துல ஓடுறாகன்னு பாரு. வடையை மெல்லாம முழுங்குனா மொதலாளி எப்பிடின்னு தெரிஞ்சுபோகும். ரெண்டாவது, இன்டர்வியூவுல சிரிச்ச மொகமா ஒண்ணு கேளு: "எனக்கு முன்னாடி இருந்தவரு இப்ப எங்க சார்?" நல்லவன் சொல்லுவான், பக்கத்து டவுன்ல சொந்தக் கடை போட்டுட்டாருன்னு. கெட்டவன் அவனைத் திட்ட ஆரம்பிப்பான். நீ போனப்புறம் ஒன்னைய எப்பிடித் திட்டுவான்னு அங்கயே கேட்டுக்கலாம். மூணாவது, தீவாளிக்கு லீவு உண்டான்னு கேளு. மலையகத்துப் பயலை வேலைக்கு வச்சு, தீவாளிக்கு வீட்டுக்கு விடாதவன் மனுசன் செத்தாலும் விட மாட்டான். என்னைய விடுறதுக்கு என் அப்பாயி மூணு தரம் சாக வேண்டியிருந்துச்சு.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு சொல்லணும்னு அவசரப்படுத்துனா, நாளைக்குக் காலையில எழும்பிச் சொல்லு. நல்ல வேலை ஒரு ராத்திரியில ஊசிப்போகாது.

"தாத்தா, நீங்களும் தோட்டத்துல கங்காணியா இருந்தவருதானே?" பய கேட்டுட்டான். "நீங்க நல்ல கங்காணியா?"

சாயத்தண்ணி ஆறிப்போயிருந்துச்சு. சொன்னேன். கொழுந்து நிறுக்கிற எடத்துல நிப்பேன். பொம்பளைக கூடையைத் தராசுல கொழுவுவாக. முள்ளு இருபத்தொண்ணுல நிக்கும். கணக்கப்புள்ளை பத்தொம்பதும்பாரு. ரெண்டு கிலோ தண்ணிக்குக் கழிவு. மழை நாள்னா சரி, எலையில தண்ணி நிக்குது. மாசி மாச வெயில்ல மண்டை பொளக்கும், எலை சருகா இருக்கும், அப்பவும் தண்ணிக்கு ரெண்டு கிலோ. எந்தப் புத்தகத்துலயும் அந்த ரெண்டு கிலோவை எழுதுனதில்ல. எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்ச காலம் அது. முள்ளைப் பாத்தேன். வாயைத் தொறக்கல. இருபது வருசம்.

பய ஒண்ணும் பேசல. நானும் மீதிச் சீனியை நக்கலை.

மூணு வேலையையும் விட்டுட்டு அவன் ஹட்டன் டவுன்லயே ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதப் போனான். 32,000 சம்பளம். நியமனக் கடிதத்தை எனக்கு ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுனதுக்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டான். மொத மாசச் சம்பளத்தோட வந்தவன் மூஞ்சியில தீவாளியைக் காணோம்.

"பாருங்க தாத்தா, 2,560 ரூவாயை வெட்டிட்டாங்க!"

சம்பளச் சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தேன். ஈ.பி.எஃப். 8 வீதம், 2,560. அதுக்குக் கீழ மொதலாளி பங்கு 12 வீதம், 3,840. அதுக்கும் கீழ ஈ.டி.எஃப். 960. தேதியும் கையெழுத்தும் இருந்துச்சு.

"டேய், வெட்டுனதை எழுதிக் குடுத்திருக்கான்டா"ன்னேன். "அங்கயே இரு."